துருவ மேகத்தில் எவ்வளவு நீர்? விண்ணிலிருந்து அளப்பது ஏன் கடினம்?

வலியசாலை (திருவனந்தபுரம்): கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. அந்நாட்களில் காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டிய வலியசாலை அக்ரஹாரத் தெருக்களில் நிற்பவருக்கு, மேகத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்ற கேள்விக்கான விடை சிறிது நேரத்தில் தெருவிலேயே ஓடத் தொடங்கிவிடும். ஆனால், இங்கிருந்து 8,000 கிலோமீட்டருக்கும் அப்பால், வட துருவப் பகுதியில் மிதக்கும் மேகங்களைப் பற்றி இதே கேள்வியை எழுப்பினால், உலகின் மிகச்சிறந்த செயற்கைக்கோள்களும் தயக்கத்துடனேயே விடை அளிக்கின்றன.

துருவ மேகங்களில் உள்ள நீரின் அளவு மிகக் குறைவு. எனினும், கீழே உள்ள பனிப்பரப்பு உருகுமா, உறைந்தே இருக்குமா என்பதைத் தீர்மானிப்பதில் அந்தச் சிறிதளவு நீருக்குப் பெரும் பங்கு உண்டு. அதை விண்ணிலிருந்து எவ்வாறு அளக்கிறார்கள், அந்த அளவீடு ஏன் கடினமாக உள்ளது, இதில் இந்தியாவின் அனுபவம் என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முடியின் தடிமனிலும் பாதி

மேகத்தின் நீரை அறிவியலாளர்கள் கணக்கிடும் முறை எளிமையானது. தரையில் ஒரு சதுர மீட்டர் பரப்பை எடுத்துக்கொண்டு, அதற்கு நேர்மேலே நிற்கும் மேகத் தூண் முழுவதிலும் உள்ள திரவ நீரைத் திரட்டினால் எத்தனை கிராம் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். வெப்ப மண்டலத்தின் இடிமேகத்தில் இந்த எடை கிலோகிராம் அளவையும் எட்டும். துருவப் பகுதியின் தாழ்ந்த, மெல்லிய மேகங்களில் அது பல நேரங்களில் 30 அல்லது 40 கிராமுக்கும் குறைவாகவே இருக்கும்.

ஒரு சதுர மீட்டருக்கு 30 கிராம் என்பது, அந்த நீரைத் தரையில் சீராகப் பரப்பினால் 0.03 மில்லிமீட்டர் உயரமே நிற்கும் என்று பொருள். இது மனிதத் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பாதி. வேறு வகையில் சொன்னால், ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பை மூடிய மேகம் முழுவதிலும் இருக்கும் நீர் 30,000 லிட்டர். அதாவது, 10,000 லிட்டர் கொள்ளளவு உள்ள மூன்று தண்ணீர் லாரிகளில் அடங்கிவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் கருவி ஒன்று, இவ்வளவு குறைந்த நீரைத்தான் எடைபோட வேண்டியுள்ளது.

பூஜ்ஜியத்துக்குக் கீழும் உறையாத நீர்

நீர் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் உறையும் என்று பள்ளியில் கற்கிறோம். மேகத்தில் உள்ள நுண்ணிய துளிகளுக்கு இந்த விதி அப்படியே பொருந்துவதில்லை. பனிப்படிகம் உருவாகத் தொடங்குவதற்கு, தூசி போன்ற ஒரு நுண்துகள் அடித்தளமாக வேண்டும். அத்தகைய துகள் கிடைக்காத தூய்மையான காற்றில், துளிகள் மைனஸ் 20, மைனஸ் 30 டிகிரியிலும் நீராகவே நீடிக்கும். ஏறத்தாழ மைனஸ் 38 டிகிரிக்குக் கீழே சென்ற பின்னரே அவை எந்தத் துணையும் இன்றித் தாமாக உறைகின்றன. இவ்வாறு உறையாமல் நிற்கும் நீர், மீக்குளிர் நீர் எனப்படுகிறது.

துருவ மேகங்களில் இந்த மீக்குளிர் நீர்த்துளிகளும் பனிப்படிகங்களும் ஒரே நேரத்தில் கலந்து காணப்படுகின்றன. மேகத்தின் உச்சியில் மெல்லிய நீர்ப்படலமும், அதிலிருந்து கீழ்நோக்கி உதிரும் பனிப்படிகங்களும் அமைவது வழக்கம். துளிகள் ஆவியாகி இழக்கும் நீரைப் பிடித்துப் படிகங்கள் வளர்கின்றன. எனவே, இவ்விரண்டின் விகிதம் நிலையற்றது. மேகத்தில் எவ்வளவு நீர் என்பதோடு, அதில் எவ்வளவு திரவம், எவ்வளவு பனி என்பதையும் பிரித்தறிய வேண்டியுள்ளது.

இந்தப் பிரிவினை முக்கியமானது. ஒரே எடையுள்ள நீர், பெரிய படிகங்களாக இருக்கும்போது குறைந்த ஒளியையும், எண்ணற்ற சிறு துளிகளாக இருக்கும்போது அதிக ஒளியையும் திருப்பி அனுப்புகிறது. தென்துருவத்தைச் சூழ்ந்த கடல் பகுதியில், பல காலநிலைக் கணினி மாதிரிகள் மீக்குளிர் நீரைக் குறைவாகவும் பனியை அதிகமாகவும் கணக்கிட்டு வந்தன. அதனால், அந்தக் கடல் உண்மையில் பெறுவதைவிட அதிக சூரிய வெப்பத்தை உறிஞ்சுவதாக அவை காட்டின. இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டுவதில் செயற்கைக்கோள் தரவுகள் பெரும்பங்கு ஆற்றின.

2012 ஜூலையில் நடந்தது

துருவ மேகத்தின் நீர் எவ்வளவு ஆற்றல் வாய்ந்தது என்பதை 2012 ஜூலையில் கிரீன்லாந்து காட்டியது. அம்மாதத்தின் இரண்டாவது வாரத்தில், கிரீன்லாந்துப் பனிப்படலத்தின் மேற்பரப்பில் ஏறத்தாழ 97 சதவீதம் உருகுநிலையை அடைந்ததைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள பனிப்படலத்தின் உச்சியும் இதற்குத் தப்பவில்லை.

வெதுவெதுப்பான காற்றின் வருகை இதற்கு முதன்மைக் காரணம். ஆனால், அது மட்டும் போதுமானதாக இல்லை என்று 2013இல் வெளியான ஆய்வு கூறியது. உச்சியில் உள்ள ஆய்வு நிலையத்தின் அளவீடுகளின்படி, அப்போது வானில் தாழ்ந்த, மெல்லிய, திரவ நீர் கொண்ட மேகங்கள் நிலவின. அவற்றில் இருந்த நீர், சதுர மீட்டருக்கு 10 முதல் 40 கிராம் என்ற குறுகிய வரம்புக்குள் இருந்தது.

இந்த வரம்பில் உள்ள மேகம் இருவழியிலும் பனியைச் சூடாக்குகிறது. சூரிய ஒளியைக் கீழே விடும் அளவுக்கு அது மெல்லியது; பனிப்பரப்பிலிருந்து மேலெழும் வெப்பக் கதிரைத் தடுத்துத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அதில் நீர் உண்டு. நீர் இதைவிடக் குறைவாக இருந்தால் வெப்பம் தப்பிவிடும். அதிகமாக இருந்தால் சூரிய ஒளி தடைபடும்.

அளவீட்டின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. மேகத்தின் நீர் 40 கிராமைத் தாண்டிவிட்டால், கூடுதலாகச் சில கிராம்கள் சேர்வதால் அது தடுக்கும் வெப்பத்தின் அளவு பெரிதாக மாறுவதில்லை. அதற்குக் கீழே உள்ள வரம்பில் ஒவ்வொரு கிராமுக்கும் மதிப்பு உண்டு. ஆனால், வழக்கமான நுண்ணலைக் கருவிகளின் பிழை அளவே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரை உள்ளது. தங்கத்தை அரிசி மண்டியின் தராசில் நிறுப்பதைப் போன்ற நிலை இது.

நுண்ணலை முறை: கோலமும் தரையும்

மேக நீரை அளக்கும் மிகப் பழமையான செயற்கைக்கோள் முறைகளுள் ஒன்று, நுண்ணலைக் கதிர்வீச்சுமானி. பூமியில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் வெப்பநிலைக்கும் தன்மைக்கும் ஏற்ப மிக வலுக்குறைந்த நுண்ணலைகளை உமிழ்ந்துகொண்டிருக்கிறது. இக்கருவி எதையும் அனுப்புவதில்லை. வரும் நுண்ணலைகளைப் பெற்று அவற்றின் வலிமையை மட்டும் அளக்கிறது. இரவு, பகல் வேறுபாடு இதற்கு இல்லை. ஆறு மாத இருள் சூழும் துருவங்களுக்கு இது பெரும் வசதி.

கடல்நீர் நுண்ணலைகளைக் குறைவாகவே உமிழ்கிறது. ஆகவே, கருவியின் பார்வையில் கடல், தன் உண்மை வெப்பநிலையைவிட மிகவும் குளிர்ந்ததாகத் தெரிகிறது. அதன் மேல் வரும் மேகத்தின் நீர்த்துளிகள் நுண்ணலைகளை உறிஞ்சித் தாமும் உமிழ்வதால், குளிர்ந்த பின்னணியில் மேகம் சூடாகத் தெரிகிறது. எவ்வளவு சூடாகத் தெரிகிறதோ, அவ்வளவு நீர் உள்ளது என்று கணக்கிடலாம். காற்றில் உள்ள நீராவியும் இதே விளைவைத் தரும் என்பதால், நீராவிக்கு நன்கு பதிலளிக்கும் 22 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும், துளிகளுக்கு நன்கு பதிலளிக்கும் 37 கிகாஹெர்ட்ஸ் அருகிலும் ஒருசேர அளந்து, இரண்டையும் பிரிக்கிறார்கள்.

துருவக் கடலில் பனி உறைந்ததும் இந்த முறை தடுமாறுகிறது. கடல்பனி நுண்ணலைகளைத் தாராளமாக உமிழும். கருவிக்கு அதுவும் சூடாகவே தெரியும். சாணம் தெளித்த வாசலில் அரிசிமாவுக் கோலம் பளிச்சென்று தெரியும். அதே கோலத்தை வெள்ளைச் சலவைக்கல் தரையில் இட்டால் கண்டுபிடிப்பதே கடினம். மேகத்தின் நீர் மாறவில்லை, பின்னணி மாறிவிட்டது. கடல்பனியின் வயது, அதன் மேல் படிந்த பனிப்பொழிவின் ஆழம், ஈரம் ஆகியவற்றுக்கு ஏற்ப அதன் உமிழ்வும் மாறுவதால், சிக்கல் மேலும் கூடுகிறது.

மற்றொரு தடையும் உண்டு. மீக்குளிர் நீர் நுண்ணலைகளை எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கான ஆய்வக அளவீடுகள், மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே மிகக் குறைவு. நீரை அந்த நிலையில் உறையாமல் வைத்துக்கொண்டு அளப்பது எளிதன்று. எனவே, கணக்கீட்டுச் சூத்திரங்களுக்கு இடையிலேயே வேறுபாடு காணப்படுகிறது.

சூரிய ஒளி, லிடார், ரேடார்

இரண்டாவது முறை, மேகம் திருப்பி அனுப்பும் சூரிய ஒளியை அளப்பது. நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி இவ்வகையைச் சேர்ந்தது. மேகத்தின் ஒளித்தடிமனையும் துளிகளின் அளவையும் கண்டறிந்து, அவற்றிலிருந்து நீரின் எடையைக் கணக்கிடுகிறார்கள். வெண்பனியின் மேல் வெண்மேகம் என்பது இங்கும் இடையூறு. 1.6, 2.1 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு அலைநீளங்களில் பனி இருண்டு தெரிவதைப் பயன்படுத்தி இதை ஓரளவு சமாளிக்கிறார்கள். ஆனால், துருவத்தின் நீண்ட இரவில் இந்த முறைக்கு வேலையே இல்லை.

மூன்றாவது, லிடார் எனப்படும் லேசர் கருவி. உருண்டையான நீர்த்துளியில் பட்டு நேரே திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் மாறுவதில்லை. கோணங்கள் கொண்ட படிகத்தில் பட்டால் மாறிவிடும். 2006 ஏப்ரலில் ஏவப்பட்ட கேலிப்ஸோ செயற்கைக்கோள், இந்த வேறுபாட்டைக் கொண்டு திரவத்தையும் பனியையும் பிரித்துக் காட்டியது. எனினும், நீர்ப்படலத்துக்குள் லேசர் ஒளி விரைவில் மங்கிவிடும். உச்சியில் இருப்பது நீர் என்பதை லிடார் உறுதியாகச் சொல்லும். அது எத்தனை கிராம் என்பதைச் சொல்லாது.

நான்காவது, மேக ரேடார். கேலிப்ஸோவுடன் ஒரே ராக்கெட்டில் ஏவப்பட்ட கிளவுட்சாட், 94 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மூலம் மேகத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை முதன்முறையாக விண்ணிலிருந்து அளித்தது. திருவனந்தபுரத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தினர், கிளவுட்சாட் உள்ளிட்ட செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு, தென்மேற்குப் பருவகாலத்தில் இலங்கையை ஒட்டிய தென்மேற்கு வங்கக் கடலில் மேகங்கள் அரிதாகவே உருவாகும் ஒரு பகுதி நிலவுவதை விவரித்துள்ளனர்.

ஆனால், ரேடாரின் எதிரொலி, துகளின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. ஒரு நீர்த்துளியைப் போல் பத்து மடங்கு விட்டம் கொண்ட பனிப்படிகம், ஏறத்தாழப் பத்து லட்சம் துளிகளுக்கு இணையான எதிரொலியைத் தரும். கலப்பு மேகத்தில் சில படிகங்களின் குரலே கேட்கும். எண்ணற்ற துளிகளின் குரல் அமுங்கிவிடும். அத்துடன், தரையிலிருந்து வரும் வலுவான எதிரொலி காரணமாக, கீழ்மட்டத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் வரை கிளவுட்சாட் தெளிவாகக் காண இயலவில்லை. துருவத்தின் நீர் மேகங்களில் பெரும்பகுதி மிதப்பதோ அந்தக் கீழ்மட்டத்தில்தான்.

ஆக, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறை உண்டு. உச்சியில் உள்ளது நீரா, பனியா என்பதை லிடாரிடமிருந்தும், பனியின் பரவலை ரேடாரிடமிருந்தும், மொத்த நீரை நுண்ணலைக் கருவியிடமிருந்தும் பெற்று இணைத்துப் பார்ப்பதே இப்போதைய வழி.

வானில் ஒரு பார்வையற்ற வட்டம்

துருவச் சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 அல்லது 15 முறை பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் இரு துருவப் பகுதிகளையும் கடக்கின்றன. ஆயினும், அவற்றின் பாதை சற்றே சாய்ந்திருப்பதால், நேர்கீழே மட்டும் பார்க்கும் கிளவுட்சாட், கேலிப்ஸோ போன்றவை 82 டிகிரி அட்சரேகைக்கு அப்பால் செல்லவில்லை. துருவப் புள்ளியைச் சுற்றி அவற்றுக்குத் தெரியாத வட்டம் ஒன்று எஞ்சியது.

இவ்விரு செயற்கைக்கோள்களின் பணியும் 2023இல் நிறைவடைந்தது. அவற்றின் இடத்தை, ஐரோப்பிய விண்வெளி முகமையும் ஜப்பான் விண்வெளி முகமையும் இணைந்து 2024 மே மாதம் ஏவிய எர்த்கேர் நிரப்புகிறது. லிடாரும் ரேடாரும் இதில் ஒரே செயற்கைக்கோளில் அமைந்துள்ளன. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் என்ற தாழ்ந்த உயரத்தில் பறப்பதால் நுண்ணிய மேகங்களையும் இதனால் உணர முடிகிறது. துகள்கள் மேலெழும், கீழிறங்கும் வேகத்தையும் இதன் ரேடார் அளக்கிறது. ஜப்பானின் நுண்ணலைக் கதிர்வீச்சுமானி வரிசையில் 2012இல் ஏவப்பட்ட ஆம்சர்-2க்கு அடுத்ததான ஆம்சர்-3, 2025 ஜூன் மாதம் விண்ணுக்குச் சென்றது.

இந்தியாவின் அனுபவம்

மேக நீரை நுண்ணலை மூலம் அளப்பது இந்தியாவுக்குப் புதிதன்று. 1979 ஜூன் 7 அன்று அன்றைய சோவியத் ஒன்றியத்திலிருந்து ஏவப்பட்ட பாஸ்கரா-1 செயற்கைக்கோளில், 'சமீர்' என்னும் நுண்ணலைக் கதிர்வீச்சுமானி இடம்பெற்றது. 19, 22 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் இயங்கிய அது, கடற்பரப்பின் மேல் உள்ள நீராவியையும் திரவ நீரையும் ஆராய உதவியது. 1981 நவம்பரில் ஏவப்பட்ட பாஸ்கரா-2இல் 31 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் சேர்க்கப்பட்டது.

1999 மே 26 அன்று ஏவப்பட்ட ஓஷன்சாட்-1 செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவி, கடல்மட்டக் காற்று, நீராவி ஆகியவற்றுடன் மேகத்தின் திரவ நீரையும் அளந்தது. துருவச் சுற்றுப்பாதையில் சென்ற இக்கருவியின் தரவுகள், அண்டார்க்டிகாவின் கடல்பனிப் பரப்பை வரைபடமாக்கவும் பயன்பட்டன. மேக நீரை மறைக்கும் அதே கடல்பனியின் உமிழ்வு, பனிப்பரப்பை அளப்பவருக்குத் தேவையான சமிக்ஞையாக அமைந்தது.

2011 அக்டோபர் 12 அன்று இந்தியாவும் பிரான்சும் இணைந்து ஏவிய மேகா-டிராபிக்ஸ், மேகங்களையும் நீராவியையும் ஆராய்வதற்கென்றே உருவானது. ஆனால், அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 20 டிகிரி சாய்வில் அமைந்தது. பருவமழைப் பகுதிகளை ஒரே நாளில் பலமுறை காண்பதற்காகவே இவ்வாறு அமைக்கப்பட்டது. துருவங்கள் அதன் பார்வைக்கு வெளியே இருந்தன. அதில் இருந்த 'மெட்ராஸ்' நுண்ணலைக் கருவி, சுழல் இயக்கக் கோளாறால் 2013இல் நின்றுபோனது. நீராவியை அளந்த 'சபீர்' கருவி தொடர்ந்து இயங்கியது. பணி முடிந்த செயற்கைக்கோள் 2023 மார்ச் 7 அன்று கட்டுப்பாட்டுடன் வளிமண்டலத்துக்குள் இறக்கப்பட்டது.

தரையில் நிற்கும் சாட்சிகள்

விண்ணிலிருந்து பெறும் அளவு சரியா என்பதைச் சரிபார்க்க, மேகத்துக்குக் கீழே நின்று மேல்நோக்கிப் பார்க்கும் கருவிகள் தேவை. தரையிலிருந்து பார்க்கும்போது பின்னணியாக அமைவது கடும் குளிரான விண்வெளி என்பதால், பனிப்பரப்பின் இடையூறு பெருமளவு நீங்குகிறது. துருவங்களில் இத்தகைய நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இந்தியா இங்கு நேரடியாகப் பங்கேற்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், 79 டிகிரி வட அட்சரேகையில் உள்ள நீ-ஓலசுந்தில், 2008 ஜூலையில் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு 2016இல் அமைந்த குருவபாடெட் வளிமண்டல ஆய்வகத்தில் மேகங்களையும், தொலைவிலிருந்து வரும் மாசுகளையும் ஆராயும் இந்தியக் கருவிகள் உள்ளன. கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் இப்பணிகளை ஒருங்கிணைக்கிறது. 2023 டிசம்பரில் முதல் குளிர்காலக் குழு புறப்பட்டதன் மூலம், சூரியன் உதிக்காத மாதங்களிலும் அங்கு இந்திய ஆய்வாளர்கள் தங்கத் தொடங்கினர். சூரிய ஒளி முறை முற்றிலும் செயலற்றுப்போகும் பருவம் என்பதால், அந்த மாதங்களின் அளவீடுகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

தும்பாவின் விண்வெளி இயற்பியல் ஆய்வகமும் ஆர்க்டிக்கில் காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அளந்துவருகிறது. துளி உறைவதும் உறையாததும் இந்தத் துகள்களைச் சார்ந்தே அமைவதால், துருவ மேகத்தின் நீர்க் கணக்கில் இதுவும் இன்றியமையாத பகுதி.

2019 செப்டம்பர் முதல் 2020 அக்டோபர் வரை, ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் ஆர்க்டிக் கடல்பனியோடு உறைந்து மிதந்தபடி நடத்திய 'மொசைக்' ஆய்வுப் பயணத்தில், செயற்கைக்கோள்கள் காணாத அந்த வட்டத்துக்குள்ளிருந்தும் மேக அளவீடுகள் கிடைத்தன. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த துருவ ஆய்வாளர் விஷ்ணு நந்தன் அப்பயணத்தில் பங்கேற்றார். கடல்பனியையும் அதன் மேல் படிந்த பனியையும் ரேடார் மூலம் ஆராய்வது அவரது துறை. மேக நீரைத் துல்லியமாகப் பிரித்தறிய, பின்னணியாக உள்ள இந்தப் பனியை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

நமக்கு என்ன தொடர்பு?

1979 முதல் கிடைக்கும் தரவுகளின்படி, ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வருகிறது. ஆர்க்டிக்கின் காரா கடலில் கோடைக்காலக் கடல்பனி குறைவதற்கும், இந்தியாவில் பருவமழையின் இறுதிக் கட்டத்தில் பெய்யும் அதீத மழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு சுட்டிக்காட்டியது. அந்தக் கடல்பனி எவ்வளவு விரைவாகக் குறையும் என்பதைக் கணிக்கும் மாதிரிகளுக்கு, அதன் மேல் நிற்கும் மேகங்களின் நீர் எவ்வளவு என்பது தெரிய வேண்டும்.

அந்தக் கணிப்பில் உள்ள ஐயம் முழுமையாக நீங்கவில்லை. எர்த்கேர் போன்ற புதிய செயற்கைக்கோள்களின் தரவுகளும், ஹிமாத்ரி போன்ற நிலையங்களின் தரை அளவீடுகளும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும்போது பிழையின் அளவு படிப்படியாகக் குறையும். சதுர மீட்டருக்கு 30 கிராம் என்ற பிழையை 10 கிராமாகக் குறைத்தாலே, 2012இல் கிரீன்லாந்தில் நிலவியது போன்ற மேகங்களை விண்ணிலிருந்து அடையாளம் காண்பது பெரிதும் எளிதாகும்.